கிராஸ்ஓவர் கட்டும் முன் அக்கா சொல்வதைக் கேள்

பெட்டி அறுத்து ஒட்டியாயிற்று. வூஃபரும் ட்வீட்டரும் வந்து சேர்ந்தாயிற்று. இனி ரிச்சி தெருவுக்குப் போய் ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு ஒன்று வாங்கி மாட்டினால் ராத்திரியே பாட்டுக் கேட்கலாம் என்று கிளம்பி நிற்கிறாய், இல்லையா? கொஞ்சம் உட்கார் கண்ணு. இதே அவசரத்தில்தான் நான் என் முதல் ஜோடியைக் கெடுத்தேன். "8 ஓம், 3,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சடித்த போர்டு. மாட்டிப் பாட்டைப் போட்டால், பாடுகிற அம்மா பக்கத்து வீட்டிலிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. 'ச' வருகிற இடத்தில் மட்டும் காதுக்குள் சீறியது. போர்டில் பழுது ஒன்றுமில்லை. என் வூஃபர் எது, என் பெட்டி எவ்வளவு அகலம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

உனக்கு நேரமில்லை என்று தெரியும். அதனால் ஒரே உதாரணத்தை வைத்தே சொல்கிறேன்: 6.5 அங்குல வூஃபர், 1 அங்குல டோம் ட்வீட்டர், 22 செ.மீ. அகல முன்பலகை. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

1. "8 ஓம்" என்று வூஃபரில் எழுதியிருப்பதை நம்பாதே. மல்டிமீட்டர் வைத்துப் பார், 6 ஓம் பக்கம்தான் காட்டும். அதுவும் நேர்மின்சாரத்துக்கு மட்டும். பாட்டு ஓடும்போது பாஸ் ரெசோனன்ஸில் அது 30 ஓமைத் தாண்டும். பிறகு இறங்கி, மேல் அதிர்வெண்களில் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். புத்தக ஃபார்முலாவோ கடைசிவரை அசையாத 8 ஓம் ரெசிஸ்டர் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. 2,500 ஹெர்ட்ஸுக்கு பட்டர்வொர்த் இரண்டாம் ஆர்டர் கேட்டால் 0.72 மில்லிஹென்றி காயில், 5.6 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்று பதில் வரும். அதை அப்படியே வாங்கி சால்டர் வைக்காதே.

வூஃபரைக் கொஞ்சம் வழிக்குக் கொண்டுவர ஒரு குறுக்குவழி உண்டு. அதன் பெயர் சோபல். ஒரு ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் வரிசையாகச் சேர்த்து வூஃபரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே போடு. ரெசிஸ்டர், மல்டிமீட்டர் காட்டியதைப் போல் 1.25 மடங்கு. 6 ஓம் என்றால் 7.5 ஓம். இண்டக்டன்ஸை ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தால் கெபாசிட்டர் கிடைக்கும். 0.5 மில்லிஹென்றிக்கு ஏறக்குறைய 9 மைக்ரோஃபாரட். கடையில் 10 தான் இருந்தால் அதைப் போடு, குடி முழுகிவிடாது.

2. எங்கே பிரிப்பது என்பதை ட்வீட்டரிடம் முதலில் கேள். அதன் டேட்டாஷீட்டில் ரெசோனன்ஸ் அதிர்வெண் போட்டிருக்கும். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் 2,000-க்குக் கீழே பிரிக்காதே. பிறகு வூஃபரிடம் கேள். 6.5 அங்குல வூஃபரில் அசைகிற பகுதி சுமார் 13 செ.மீ. ஒலியின் அலைநீளமும் 13 செ.மீ. ஆவது 2,600 ஹெர்ட்ஸ் பக்கம். அதற்கு மேலே போகப் போக வூஃபர் டார்ச் மாதிரி நேராக மட்டும் அடிக்கும். சோபாவின் நடுவில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகக் கேட்கும். ஆக நமக்குக் கிடைத்த இடம் 2,000-க்கும் 2,600-க்கும் நடுவே. 2,300 என்று வைத்துக்கொள். அங்கே அலைநீளம் 15 செ.மீ. வூஃபர் மையத்துக்கும் ட்வீட்டர் மையத்துக்கும் இடைவெளி அதைத் தாண்டக் கூடாது. அழகுக்காக ட்வீட்டரைத் தள்ளி மேலே வைத்துவிட்டு, எழுந்து நின்றால் சத்தம் மாறுகிறதே என்று அப்புறம் புலம்பாதே.

3. ஒற்றைக் கெபாசிட்டரில் ட்வீட்டரை ஓட்டாதே. "ஒரே ஒரு பார்ட்தான், சுத்தமான சத்தம்" என்று ஆசை காட்டுவார்கள். ஆக்டேவுக்கு 6 டெசிபல்தான் சரிவு. 2,300-ல் பிரித்தால் ட்வீட்டரின் ரெசோனன்ஸான 1,000 ஹெர்ட்ஸில் கணக்குப்படியே வெறும் 8 டெசிபல்தான் குறைந்திருக்கும். தவில் பலமாக விழும்போது அந்தச் சின்ன டோம் என்ன பாடுபடும் என்று யோசி. நான் ஒன்றை இப்படி எரித்திருக்கிறேன். முதலில் கரகரத்தது, பிறகு வார்னிஷ் கருகிய வாசனை, பிறகு ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தால் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, ஒரு பக்கம் கறுத்து அறுந்து கிடந்தது.

இதற்கு மாற்றாக, ஹியூலெட் பேக்கார்டில் இன்ஜினியர்களாக இருந்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவர் பேராலும் ஒரு முறை இருக்கிறது. லிங்க்விட்ஸின் கட்டுரை 1976-ல் வந்தது. இதன் நான்காம் ஆர்டரில் பிரியும் இடத்தில் வூஃபரும் ட்வீட்டரும் ஆளுக்கு 6 டெசிபல் இறங்கி, ஒரே ஃபேஸில் கைகோத்துக்கொள்ளும். சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபல். "அய்யோ, எட்டுப் பார்ட்டா!" என்று பயப்படாதே. ஸ்பீக்கருக்கே இயற்கையாக ஒரு சரிவு உண்டு. நீ இரண்டாம் ஆர்டர் போட்டாலே, இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் நான்காம் ஆர்டர் பக்கம் வந்து நிற்கும். காதுக்கு வருகிற சரிவுதான் கணக்கு. போர்டில் எத்தனை பார்ட் என்பது கணக்கில்லை.

4. பெட்டி எங்கே உட்காரப் போகிறது என்று இப்போதே முடிவு செய். 115-ஐ முன்பலகை அகலத்தால், மீட்டரில், வகு. 22 செ.மீ.க்கு 520 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதற்குக் கீழே சத்தம் பெட்டியைச் சுற்றிப் பின்னால் ஓடிவிடும். இழப்பு 6 டெசிபல் வரை போகும். "வீட்டு ஸ்பீக்கர் ஏன் இப்படி ஒல்லியாகப் பேசுகிறது?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் இதை மறந்தவர்கள்தான். வூஃபரோடு வரிசையில், புத்தகம் சொன்ன 0.72-க்குப் பதில் 1.5 அல்லது 2 மில்லிஹென்றி காயில் வரவேண்டியது இதனால்தான். சுவரை ஒட்டி வைப்பதானால் முழு 6 டெசிபல் ஈடு வேண்டாம். சுவரே கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிடும், 3 போதும்.

5. ட்வீட்டர் வாயை அடக்கு. வூஃபர் 88 டெசிபல், ட்வீட்டர் 91, சுவரை ஒட்டி வைப்பதாக எண்ணிப் பெட்டிக்காக 3 ஈடு கொடுத்தோம். ஆக ட்வீட்டரை 6 குறைக்க வேண்டும். ட்வீட்டரோடு வரிசையில் 4 ஓம், குறுக்கே 8 ஓம், முடிந்தது. பிபிசி 1970-களில் ஒலிபரப்பு வேன்களுக்காகச் செய்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரில், ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கக் காயிலிலேயே பல முனைகள் விட்டிருந்தார்கள். ஒரே கம்பெனி ட்வீட்டரும் ஒன்று போல் இன்னொன்று இராது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களே ஒவ்வொன்றாக அளந்துதான் முனையைத் தேர்ந்தார்கள் என்றால், நாம் அளக்காமல் விடலாமா?

6. அளக்காமல் ஒரு பார்ட்டும் வாங்காதே. மற்றதில் சலுகை தருவேன், இதில் தரமாட்டேன். அளக்க ஆர்இடபிள்யூ, கிராஸ்ஓவர் வடிவமைக்க விட்டுயிக்ஸ்கேட், இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒரு அளவு மைக்குக்கு மட்டும் செலவு செய். கெட்டுப்போகிற இரண்டு போர்டு விலையை நினைத்தால் அது வீண் செலவில்லை.

• ஸ்பீக்கரைப் பெட்டியில் மாட்டியபின் அள. மேஜையில் வைத்து அளந்தது ஊறுகாய்க்கும் உதவாது.
• ஹால் நடுவில், உயரமான ஸ்டூல் மேல் பெட்டி. ட்வீட்டர் தரையிலிருந்து 1.5 மீட்டரில், மைக் அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி. தரை எதிரொலி 6 மில்லி விநாடி தாமதமாக வரும், அளவை அதற்கு முன்பே வெட்டிவிடு.
• ஃபேனை நிறுத்து. குக்கர் அடுப்பில் இருந்தால் விசில் அடங்கட்டும்.
• வூஃபரை அளந்தபின் மைக்கையும் வால்யூமையும் தொடாமல் ட்வீட்டரை அள. மைக் ஒரு செ.மீ. நகர்ந்தாலும் ஃபேஸ் கணக்கு பொய்யாகிவிடும்.
• ட்வீட்டருக்கு நேரடியாக 20 ஹெர்ட்ஸிலிருந்து ஸ்வீப் அனுப்பாதே. 500-ல் தொடங்கு, சத்தம் குறைவாக.

இரண்டின் இம்பீடன்ஸையும் அளந்து மென்பொருளில் கொடு. அதன்பின் திரையிலேயே ஐம்பது கிராஸ்ஓவர் கட்டிப் பார், காசா பணமா?

7. கடைசிச் சோதனை. போர்டு கட்டியதும் ட்வீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போட்டு அள. லிங்க்விட்ஸ்-ரைலி சரியாக அமைந்திருந்தால் 2,300-ல் 20 டெசிபலுக்கு மேல் ஆழமாக, இரண்டு பக்கமும் சமமாக ஒரு பள்ளம் விழும். பள்ளம் ஆழமில்லை என்றால் இருவரும் ஒத்துப்போகவில்லை, திரும்பவும் மென்பொருளுக்குப் போ. பள்ளம் வந்ததா? சந்தோஷப்பட்டு ஒயரை மறுபடி மாற்ற மறந்துவிடாதே.

8. பார்ட் விஷயம். பிளஸ்-மைனஸ் குறியுள்ள கெபாசிட்டர் கூடவே கூடாது, நான்-போலார்தான். ட்வீட்டர் வழியில் பாலிப்ரொப்பிலீன் போடு, மற்ற இடங்களில் கஞ்சத்தனம் செய்யலாம். வூஃபர் காயில் தடித்த கம்பியாக இருக்கட்டும். காயில்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளித் தள்ளி, வூஃபர் காந்தத்துக்கு எட்டாமல் இருக்கவேண்டும். நடுவில் இரும்பு ஸ்குரு போட்டால் காயிலின் மதிப்பே மாறிவிடும், டேக் போட்டுக் கட்டு. சிமெண்ட் ரெசிஸ்டர் 10 வாட், சூடாகும், போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி வை.

9. போர்டை உடனே பெட்டிக்குள் ஒட்டாதே. நீளமான ஒயரோடு வெளியே ஒரு வாரம் கிடக்கட்டும். உனக்கு மனப்பாடமான குரலைக் கேள், சுசீலாவோ பாலுவோ. முதல் நாள் காது ஏமாற்றும், எதையும் மாற்றாதே. மூன்றாம் நாளும் 'ச' குத்தினால் 4 ஓமை 4.7 ஆக்கு, அது மட்டும். ஒரே நாளில் இரண்டு பார்ட்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றியதைத் தேதி போட்டு நோட்டில் எழுது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் இரண்டாவது பெட்டிக்கு சால்டர் வைக்க வேண்டும்.