கை கால் சரியானால் போதுமா?



காசிமேட்டுப் படகிலோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடும் கண்டெய்னர் லாரியிலோ, திருவொற்றியூர் ஆலையிலோ உழைக்கும் ஒருவருக்கு இலேசான பக்கவாதம் வந்தால், வீட்டார் முதலில் கேட்பது, "கை கால் சரியாகிவிட்டதா?" என்பதே. சரியாகிவிட்டால் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலருடைய கஷ்டம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. இதைக் குறித்து இம்முறை படிப்போம்.

மூளையில் நடப்பது என்ன?

மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பகுதி பழுதடைகிறது. கை காலை இயக்கும் பகுதி தப்பினாலும், கவனத்துக்கும் நினைவுக்கும் உரிய நரம்புப் பாதைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவர் நன்றாகப் பேசுவார், நடப்பார். ஆனால் சில்லறை எண்ணத் திணறுவார், சொன்னதை மறப்பார், சீக்கிரம் களைத்துப்போவார், எரிந்து விழுவார். இது சோம்பலுமல்ல, நடிப்புமல்ல, நோயின் மிச்சம்.

கண்டறிவது எப்படி?

2005-ல் வெளியான மாண்ட்ரியல் அறிவுத்திறன் பரிசோதனை தமிழிலும் உண்டு. சுமார் 10 நிமிடம் ஆகும். மொத்தம் 30 மதிப்பெண். ஐந்து சொற்களைக் கேட்டு, சற்றுப் பின் திரும்பச் சொல்ல வேண்டும். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்ட வேண்டும். 26-க்குக் குறைந்தால் மேலும் ஆராய்வார்கள். அதிகம் படிக்காதவர் நோயின்றியும் குறைவாகப் பெறலாம். ஆகவே வீட்டில் கண்ட மாற்றங்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தேறுவதற்கு வழிகள்

1. முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாயிருக்கும். பிறகும் மெதுவாகத் தொடரும். பொறுமை வேண்டும்.

2. ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். மாத்திரை வேளைகளை நோட்டில் எழுதிவைக்கட்டும்.

3. மருத்துவர் அனுமதிக்கும்வரை லாரியோ கிரேனோ ஓட்டக்கூடாது. தனியாகக் கடலுக்குப் போகவும் கூடாது. கவனம் தவறினால் பிறர் உயிருக்கும் ஆபத்து.

4. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை நிறுத்தக்கூடாது. புகையிலையை விட வேண்டும். மறுபடியும் முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

தினக்கூலி நின்றால் அடுப்பு எரியாது. ஆகையால்தான் பலர் தேறுமுன்னே வேலைக்கு ஓடுகிறார்கள். உங்கள் சபையில் அப்படிப்பட்ட குடும்பம் இருந்தால், இரண்டு மாத அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அவருக்குத் தேற அவகாசம் கொடுக்கும். வாரம் ஒருமுறை போய் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சொல் வராமல் அவர் தடுமாறும்போது முந்திக்கொள்ளாமல் காத்திருங்கள் என்று அன்புடன் வேண்டுகிறோம்.