வெள்ளித் துகளும் வெங்காய வயலும்

நுழையும்முன்

நுண்ணுயிர்களை அழிக்கும் ஆற்றல் நுண்ணிய உலோகத் துகளுக்கு உண்டு. அவ்வாற்றலை எங்கே, எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயச் சாகுபடிக்குப் பெயர்பெற்றது. அண்டை மாவட்டமான அரியலூரில் பருத்தி, நிலக்கடலை, முந்திரி ஆகியவை விளைகின்றன. மழைக்காலத்தில் ஈரம் நீடித்தால் வெங்காயத் தாள்கள் முறுக்கிக்கொள்ளும். திருகல் நோய் எனப்படும் இதற்குக் காரணம் பூஞ்சை. பருத்தி இலையில் கோணப் புள்ளிகளாகத் தோன்றும் கருகல் நோய் பாக்டீரியாவால் வருவது. நோய் முற்றினால் உழவரின் முதலீடும் உழைப்பும் வீணாகும். இத்தகைய கிருமிகளை ஒடுக்க அறிவியலாளர் ஆராயும் வழிகளுள் ஒன்று நானோ துகள்.

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவை நானோ துகள்கள். பாக்டீரியாவோ ஏறத்தாழ 1000 நானோமீட்டர் நீளமுடையது. பொருளைப் பொடியாக்கப் பொடியாக்க அதன் மொத்த மேற்பரப்பு பெருகும். வெள்ளி நானோ துகளின் பரப்பிலிருந்து வெளிப்படும் அயனிகள் கிருமியின் செல் சவ்வைச் சிதைக்கின்றன. கந்தகம் அடங்கிய புரதங்களோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. பூஞ்சையின் செல் அமைப்பு வேறு. எனவே பாக்டீரியாவை ஒடுக்கும் அளவு பூஞ்சைக்குப் போதாமல் போகலாம்.

குடிநீர்த் தூய்மையில் இவ்வாற்றல் பயன்பட்டுள்ளது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலாப்பில் பிரதீப்பும் அவர்தம் குழுவினரும் 2013ஆம் ஆண்டு இதற்கான முறையொன்றை வெளியிட்டனர். அதில் சிட்டோசான் சேர்ந்த நானோ கலவையில் வெள்ளித் துகள்கள் பதிக்கப்படுகின்றன. துகள்கள் கலவையிலேயே தங்க, அயனிகள் மட்டும் பாதுகாப்பு வரம்புக்குட்பட்டுச் சிறிது சிறிதாக நீரில் கலந்து கிருமிகளை அழிக்கின்றன.

வடிகலத்தில் இயலும் இக்கட்டுப்பாடு திறந்த வயலில் எளிதன்று. நிலக்கடலை வேர்முடிச்சில் வாழ்ந்து நைட்ரஜனை நிலைநிறுத்தும் ரைசோபியமும் பாக்டீரியாவே. வெங்காய அழுகலைத் தடுக்க உழவர் இடும் டிரைக்கோடெர்மாவும் பூஞ்சையே. வெள்ளி அயனி நன்மை செய்யும் உயிரையும் தீமை செய்யும் உயிரையும் பிரித்தறியாது. வெள்ளியைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்களும் கண்டறியப்பட்டுள்ளன. வரம்பின்றித் தெளித்தால் அத்தகையவை பெருக வாய்ப்புண்டு.

ஆகவே, ஆய்வகத் தட்டில் கிருமி மடிந்தது என்பது பாதி விடையே. அறுவடைக்குப்பின் அம்மண்ணில் எவ்வுயிர்கள் எஞ்சின, வெள்ளி எவ்வளவு தங்கியது என்பவற்றையும் அளந்தறிந்த பின்னரே அதனை உழவரிடம் தருதல் முறை.

சிந்திக்க: உம் ஊர் வயலில் நானோ மருந்தைத் தெளிக்குமுன் உழவர் கேட்டறிய வேண்டிய மூன்று வினாக்களை எழுதுக.