கணினிக்குள் ஒரு கடிதம்

நுழையும்முன்

கணினி பழுதானால் பலரும் முதலில் அதன் தலையில் தட்டுகின்றனர். அடுத்து அணைத்து மீண்டும் இயக்குகின்றனர். பழுது எங்கே இருக்கிறது என்று படிப்படியாகத் தேடுவோர் சிலரே. அவ்வாறு தேடத் தெரிந்துகொண்டால், கணினியின் உறுப்புகளும் அவற்றின் பணிகளும் தாமே விளங்கும். நாக்பூரில் வாழும் ஒரு மாணவிக்கு வந்த கடிதத்தின் வழியாக அதனை இப்பாடம் விளக்குகிறது.

1. படிக்க இயலாத கடிதம்

அம்மாணவி எட்டாம் வகுப்பில் பயில்பவள். தந்தை இரயில்வே ஊழியர். தந்தையின் தாயாகிய அப்பாயி, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வாழ்கிறார். அப்பாயிக்குக் காது மந்தம். தொலைபேசியில் பேசினால் பாதிச் சொற்கள் அவருக்கு எட்டுவதில்லை. ஆகவே பேத்திக்கும் அவருக்கும் இடையே கடிதமே பாலமாக இருந்தது. அண்மைக் காலமாக அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அதனால் இம்முறை நகரத்துத் தட்டச்சு நிலையம் ஒன்றுக்குச் சென்று, தாம் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வித்து, மின்னஞ்சலில் அனுப்பச் செய்தார்.

மாணவி வீட்டுக் கணினியில் கடிதத்தைத் திறந்தாள். திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே நிறைந்திருந்தன. நடுவே '22' என்னும் எண்ணும் '6' என்னும் எண்ணும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. இருபத்திரண்டாம் நாள் என்ன நிகழப்போகிறது? தந்தை பணியின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தார். தாய், ஊரிலிருக்கும் அண்டை வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தார். "அவர் நலமாகத்தான் இருக்கிறார். எல்லாம் கடிதத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார்" என்பதே விடையாக வந்தது. அன்றைய நாள் பதினெட்டு.

மறுநாள் மாணவி கடிதக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளியின் கணினி ஆசிரியையிடம் சென்றாள். ஆசிரியையின் தாய்மொழி மராத்தி. தமிழில் ஓர் எழுத்தும் அவர் அறியார். எனினும் அவர் தயங்கவில்லை. "ஒவ்வொரு படியாகச் சோதிப்போம், குற்றமற்றவற்றை நீக்கிக்கொண்டே வந்தால் குற்றமுள்ளது எஞ்சி நிற்கும்" என்றார்.

2. முதற்சோதனை: வன்பொருள்

கையால் தொட்டு உணரத்தக்க உறுப்புகள் அனைத்தும் வன்பொருள் எனப்படும். விசைப்பலகையும் சுட்டியும் செய்தியை உள்ளே செலுத்தும் உள்ளீட்டுக் கருவிகள். திரையும் அச்சுப்பொறியும் செய்தியை வெளியே காட்டும் வெளியீட்டுக் கருவிகள். பெட்டிக்குள் இருக்கும் தாய்ப்பலகை இவை எல்லாவற்றையும் இணைக்கிறது. அதன்மேல் அமர்ந்து கணக்கிடும் சிறு சில்லு, மையச் செயலகம். 1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட '4004' என்னும் செயலகத்தில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய செயலகங்களில் அவை கோடிக்கணக்கில் உள்ளன.

கணினியில் செய்தி தங்கும் இடங்கள் இரண்டு. முதலாவது ராம் எனப்படும் தற்காலிக நினைவகம். இரண்டாவது வன்தட்டு போன்ற நிலையான சேமிப்பகம். இவற்றைச் சமையலறையோடு ஒப்பிடலாம். சமைப்பவர் மையச் செயலகம். அப்போதைக்கு வேண்டியவற்றை எடுத்து வைக்கும் மேடை தற்காலிக நினைவகம். அரிசியும் பருப்பும் நிலையாக இருக்கும் அலமாரி சேமிப்பகம். வேலை முடிந்ததும் மேடை துடைக்கப்படுவதுபோல, மின்சாரம் நின்றதும் தற்காலிக நினைவகம் வெறுமையாகிவிடும். அலமாரியில் வைத்தவை அப்படியே இருக்கும். சேமிக்காமல் எழுதிய கட்டுரை மின்தடையால் மறைந்துபோவது இதனால்தான்.

ஆசிரியை ஓர் இந்தித் தொடரைத் தட்டச்சு செய்து சேமித்தார். மூடி மீண்டும் திறந்தார். தொடர் பிழையின்றித் தோன்றியது. விசைப்பலகை, செயலகம், நினைவகம், சேமிப்பகம், திரை ஆகிய அனைத்தும் நன்றாகவே இயங்கின. மேலும், கடிதம் வீட்டுக் கணினியிலும் பள்ளிக் கணினியிலும் ஒரே வகையில்தான் சிதைந்து தெரிந்தது. எனவே குற்றம் வன்பொருளில் இல்லை.

3. இரண்டாம் சோதனை: இயக்க முறைமை

வன்பொருளுக்கு ஏவல் தருவது மென்பொருள். மென்பொருள்களுள் தலைமையானது இயக்க முறைமை. எந்தச் செயலி எப்போது இயங்குவது, நினைவகத்தில் எவ்வளவு இடம் பெறுவது, கோப்பை எங்கே வைப்பது, விசையை அழுத்தினால் எந்த எழுத்தைக் காட்டுவது என்பனவற்றை முறைப்படுத்துவது இதுவே. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் ஆகியவை நாம் அறிந்த இயக்க முறைமைகள்.

லினக்ஸின் கருப்பகுதியை 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்னும் உரிமையோடு அது வளர்ந்தது. கைப்பேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின்மேல் கட்டப்பட்டதே. லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் இயக்க முறைமையை இந்திய மொழிகளுக்கு ஏற்ப உருவாக்கியது.

இயக்க முறைமைக்குத் தமிழ் தெரியாதிருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. மாணவி அதே கணினியில் தமிழ்ப் பாடநூலின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வோர் எழுத்தும் அழகாகத் தெரிந்தது. எனவே குற்றம் இயக்க முறைமையிலும் இல்லை.

4. மூன்றாம் சோதனை: வலைப்பின்னல்

புதுக்கோட்டையிலிருந்து நாக்பூருக்கு வரும் வழியில் கடிதம் சிதைந்திருக்குமா?

கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள இணைக்கப்படுவது வலைப்பின்னல். ஒரு பள்ளிக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ அமைவது குறும்பரப்பு வலைப்பின்னல். உலகெங்கும் உள்ள வலைப்பின்னல்களின் இணைப்பே இணையம். இதன் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதற்செய்தி 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் அனுப்பப்பட்டது. ஐந்து எழுத்துள்ள ஒரு சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டு எழுத்துகள் சென்றதும் எதிர்முனைக் கணினி செயலிழந்தது. இன்றைய இணையத்தின் தொடக்கம் ஒரு தடுமாற்றமே. பின்னர் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவர் வகுத்த பொது நெறிமுறையை 1983ஆம் ஆண்டு சனவரி 1 முதல் அர்ப்பாநெட் ஏற்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

இணையத்தில் ஒரு கோப்பு முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண், சரிபார்ப்பு எண் ஆகியவை உண்டு. வழியில் உள்ள ரௌட்டர்கள், அஞ்சல் பிரிப்பகம்போல, முகவரியைப் பார்த்து அடுத்த இடத்துக்கு அனுப்புகின்றன. ஏதேனும் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் சிதைந்தாலும், அது மீண்டும் அனுப்பப்படுகிறது. இறுதியில் பெறுநரின் கணினி வரிசைப்படி அவற்றை ஒன்று சேர்க்கிறது.

ஆசிரியை, அனுப்பிய கோப்பின் அளவைத் தட்டச்சு நிலையத்திடம் கேட்குமாறு மாணவியின் தாயிடம் கூறினார். அனுப்பிய அளவும் வந்த அளவும் ஒரு பைட்டும் குறையாமல் ஒத்திருந்தன. கடிதத்தில் இருந்த எண்களும் சிதையவில்லை. எனவே வழியிலும் குற்றம் இல்லை.

5. எஞ்சி நின்றது

கணினிக்கு எந்த மொழியும் தெரியாது. அது அறிந்தவை 0, 1 என்னும் இரண்டு நிலைகளே. எட்டு நிலைகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரப்பட்டு, அவ்வெண்ணே சேமிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக 109 என்னும் எண் 01101101 என எழுதப்படும். அஃது ஆங்கிலத்தின் சிறிய 'எம்' எழுத்துக்கு உரிய எண். எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைவது எழுத்துரு.

"கடிதத்தின் முதற்சொல் எதுவாக இருக்கும்?" என்று ஆசிரியை கேட்டார்.

மாணவி சிறிதும் எண்ணவில்லை. அப்பாயியின் கடிதம் ஒவ்வொன்றும் 'அன்புள்ள' என்றே தொடங்கும். அவள் அச்சொல்லைத் தாளில் எழுதினாள். திரையில் இருந்த முதற்சொல்லை அதன் கீழே எழுதினாள்: சிறிய எம், சிறிய டி, அரைப்புள்ளி, பெரிய ஜி, சிறிய எஸ், அரைப்புள்ளி, சிறிய எஸ்.

சற்று நேரம் உற்று நோக்கியவள், "மேடம், அரைப்புள்ளி இரண்டு இடங்களில் வருகிறது. 'அன்புள்ள' என்னும் சொல்லிலும் ன், ள் என்னும் இரண்டு எழுத்துகளின்மேல் புள்ளி வருகிறது. சிறிய எஸ் இருமுறை வருகிறது. ளகரமும் இருமுறை வருகிறது!" என்றாள்.

கடிதம் சிதையவே இல்லை. அது வேறோர் உடை அணிந்து வந்திருந்தது. ஆசிரியை எழுத்துருவின் பெயர் காட்டும் கட்டத்தைப் பார்த்தார். அதில் 'பாமினி' என்றிருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் உருவான பழைய தமிழ் எழுத்துருக்களுள் அதுவும் ஒன்று. அவ்வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்தன. பாமினியில் 109 என்னும் எண்ணுக்கு 'அ' வரையப்படும். அந்த எழுத்துரு இல்லாத கணினி, அதே எண்ணுக்குச் சிறிய 'எம்' எழுத்தை வரையும். ஆசிரியை அவ்வெழுத்துருவைக் கணினியில் நிறுவினார். திரை முழுவதும் ஒரே நொடியில் தமிழாயிற்று.

"அன்புள்ள பேத்திக்கு அப்பாயி எழுதுவது. வருகிற 22ஆம் தேதி காலை 6 மணிக்கு எனக்குக் கண்புரை அறுவை. பயப்பட ஒன்றுமில்லை. அறிவொளி வகுப்பில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள் நான். அந்த எழுத்து எனக்கு மறந்துவிடக் கூடாது. கட்டு அவிழ்த்ததும் நான் முதலில் படிப்பது உன் கடிதமாக இருக்க வேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்."

மாணவி கடிதத்தை உரக்கப் படித்தாள். பின்னர் ஆசிரியைக்கு இந்தியில் பொருள் கூறினாள்.

6. எல்லோருக்கும் ஓர் எண்

ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஓர் எண் வரிசை வைத்திருந்தால் இத்தகைய குழப்பம் தீராது. இதற்குத் தீர்வாக அமைந்ததே ஒருங்குறி. இதன் முதற்பதிப்பு 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை இது வழங்குகிறது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒருங்குறியில் 'அ' என்பதன் எண் 2949. அவ்வெண் வேறெந்த மொழியின் எழுத்தையும் குறிக்காது. ஆகவே சென்னையில் எழுதியதை நாக்பூரிலும் கவுகாத்தியிலும் தமிழாகவே படிக்கலாம்.

தமிழைத் தட்டச்சு செய்ய 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன.

மாணவி அன்று மாலை தமிழ் 99 விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டச்சு செய்தாள். ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாள். எழுத்துருவும் கடிதத்தோடு சேர்ந்தே செல்லும் வகையில் அதனைப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றினாள். தட்டச்சு நிலையம் அதனை அச்சிட்டு, இருபத்தோராம் நாளே அப்பாயியிடம் சேர்த்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. மடித்துத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டார்.

கணினியை அறிந்தவர் ஆசிரியை. தமிழை அறிந்தவள் மாணவி. இருவர் அறிவும் சேர்ந்தபோதே கடிதம் திறந்தது.

சொல்லும் பொருளும்

அப்பாயி – தந்தையின் தாய்
வன்பொருள் – கணினியின் தொட்டு உணரத்தக்க உறுப்பு
இயக்க முறைமை – வன்பொருளையும் செயலிகளையும் முறைப்படுத்தும் தலைமை மென்பொருள்
எழுத்துரு – எழுத்தின் வடிவங்களைக் கொண்ட கோப்பு
ஒருங்குறி – எல்லா மொழி எழுத்துகளுக்கும் உரிய பொது எண்முறை

பயிற்சி

அ. குறுவினா
1. மின்சாரம் நின்றதும் எந்த நினைவகம் வெறுமையாகிறது?
2. இணையத்தில் செல்லும் பொட்டலத்தில் இடம்பெறுவன யாவை?
3. கடிதத்தில் எண்கள் சிதையாமல் இருந்தது எதனை உணர்த்தியது?

ஆ. சிறுவினா
1. வன்பொருளில் குற்றமில்லை என்று ஆசிரியை எவ்வாறு முடிவு செய்தார்?
2. பழைய எழுத்துருவுக்கும் ஒருங்குறிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. தமிழ் அறியாத ஒருவரால் மட்டும் இக்கடிதத்தின் முதற்சொல்லைக் கண்டறிந்திருக்க முடியுமா? காரணம் கூறுக.

இ. கண்டறிக
பாடத்தில் உள்ள குறிப்பைக் கொண்டு, 'சிறிய எம், சிறிய டி, அரைப்புள்ளி, பெரிய ஜி' என்பது எந்தத் தமிழ்ச் சொல் என எழுதுக.

ஈ. செய்து பார்க்க
ஊரில் உள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ ஒருங்குறித் தமிழில் பத்து வரிகளில் கடிதம் தட்டச்சு செய்க. அவர்கள் எளிதில் படிக்கும் அளவில் எழுத்தைப் பெரிதாக்கி, அச்சிட்டு அல்லது மின்னஞ்சலில் அனுப்புக. வரும் விடைக் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டுக.