வாசலில் ஒரு காலணி அடுக்கு

வாசலிற் கிடக்கும் செருப்பைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். குடிநீர், சாலை, கண்மாய் என்று எழுதுவதற்குப் பெரிய பொருள்கள் பல இருக்கின்றன. ஆயினும் திண்டுக்கல் சமவெளியின் ஊர்களில் வீடு வீடாகச் சென்று பார்வையிடும் என் போன்ற அலுவலர்களுக்கு முதலிற் காலில் இடறுவது இதுவே. ஓர் ஐப்பசி மழையில், அரசு உதவியுடன் புதிதாகக் கட்டி முடித்த வீடு ஒன்றைப் பார்க்கச் சென்றேன். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உட்புறம் குவிந்திருந்த செருப்புகளில் ஒன்று கதவின் அடியிற் சிக்கிக் கிடந்தது. "வெளியில் போட்டால் நாய் தூக்கிக்கொண்டு போகிறது, உள்ளே போட்டால் நடக்க இடமில்லை. எங்கேதான் வைப்பது, ஐயா?" என்று அவ்வீட்டு அம்மையார் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

நம் பாட்டனார் காலத்தில் இக்கேள்வி எழவில்லை. வீட்டுக்கு ஒரு ஜோடி, மிஞ்சினால் இரண்டு ஜோடி தோற்செருப்பு இருந்தது, அதுவும் ஆண்களுக்கே. திண்ணையின் கீழ் ஒரு மூலை அதற்குப் போதும். பெண்களும் பிள்ளைகளும் வெறுங்காலோடு நடந்தனர். இன்று ரப்பர் செருப்பு எல்லோர் காலிலும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்குத் தனியே பூட்ஸ் இருக்கிறது. இது வரவேற்கத் தக்க மாறுதல். ஆனால் காலணி பெருகியபோது திண்ணை மறைந்துவிட்டது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி. இத்தகைய வீட்டில் ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு.

அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்தோர் அணியும் ஒரு ஜோடி செருப்பு 12 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட இடத்தை அடைக்கும். இது முக்கால் சதுர அடி. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு இரண்டாகப் பத்து ஜோடி என்று கொண்டால், ஒழுங்காக அடுக்கினாலும் 7½ சதுர அடி தேவை. ஒழுங்காக அடுக்குவோர் யார்? எறிந்தபடி கிடந்தால் இருமடங்கு இடத்தை அடைக்கும்; அதுவும் வாசலுக்கு நேரே.

ஆதலின் காலணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயரத்தில் ஏற்ற வேண்டும். தட்டையான பலகை அடுக்கு யாவரும் அறிந்ததே. அதைக் காட்டிலும் சாய்வான கம்பி அடுக்கே நம் வீடுகளுக்கு ஏற்றதென்பது என் கருத்து. தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில் முன்கம்பி. அதற்கு 9 அங்குலம் பின்னால், 9 அங்குலம் மேலாகப் பின்கம்பி. இவ்விரு கம்பிகளின் மீது செருப்பைப் படுக்க வைத்தால் அது பாதிச் செங்குத்தாக, அதாவது 45 பாகைச் சாய்வில் நிற்கும். சாய்வின் நீளம் ஏறத்தாழ 12¾ அங்குலம். ஆகவே பெரிய காலுக்குரிய செருப்பும் அடங்கும். குதிகாற்பக்கம் கீழே இருக்கட்டும். வழுக்கி விழாதிருக்க முன்கம்பிக்குச் சற்று முன்னும் மேலுமாகத் தடுப்புக்கம்பி ஒன்று வேண்டும்.

அடுத்த அடுக்கின் முன்கம்பியை 6 அங்குலம் மேலே, அதாவது 14 அங்குல உயரத்தில் வைக்கலாம். முதலடுக்கின் பின்கம்பியோ 17 அங்குல உயரத்தில் இருக்கிறது. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் சரிவுக்குள் புகுந்து நிற்பதைக் கவனிக்க. கூரை ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது போலத்தான் இதுவும். இவ்வாறு நான்கு அடுக்குகளும் 3 அடி உயரத்தில் முடிந்துவிடும். அகலம் 2½ அடி. வரிசைக்கு மூன்று ஜோடி. மொத்தம் பன்னிரண்டு ஜோடி. தரையில் அடைபடும் இடம் 2 சதுர அடிக்கும் குறைவு.

தட்டைப் பலகையோடு ஒப்பிட்டால் சாய்வினால் மிச்சமாவது ஆழத்தில் 3 அங்குலமே. இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் 3 அடி அகல நடையில் அந்த 3 அங்குலம் சைக்கிளின் மிதிகட்டை இடியாமல் போவதற்குப் போதும். மேலும் பலகையில் மண் தங்கும், ஈரம் தங்கும். கம்பியில் மண் கீழே உதிர்ந்து பெருக்குமாற்றுக்கு அகப்படும். நடை மிகக் குறுகியதாயின் சாய்வை 60 பாகையாக்கலாம். அப்போது ஆழம் 6½ அங்குலம் போதும். அடுக்குகளின் இடைவெளி 8½ அங்குலமாகி, உயரம் 3¾ அடிக்குச் சென்றுவிடும்.

இவ்வளவையும் காகிதத்தில் எழுதிய பின் என் குடியிருப்பிலேயே ஒன்று செய்து வைத்தேன். முதல் நாளே இரண்டு பிழைகள் வெளிப்பட்டன. என் மகளின் செருப்பு 7 அங்குலமே இருந்தபடியால் இரு கம்பிகளுக்கும் இடையே நழுவித் தரையில் விழுந்தது. மாலையில் அவள் கீழ்க்கம்பியில் ஏறி நின்றதும் அடுக்கே முன்புறம் சாய்ந்தது. நல்ல வேளையாகச் சுவர் ஓரத்தில் நான் நின்றிருந்தேன். அன்றிலிருந்து இரு விதிகளைக் கட்டாயமாகச் சொல்லி வருகிறேன். கீழடுக்கு பிள்ளைகளுக்கு உரியது. அதில் நடுக்கம்பிகள் இரண்டு கூடுதலாக வேண்டும். அடுக்கின் மேற்பகுதியை இரண்டு இடங்களில் சுவரோடு முடுக்கிவிட வேண்டும்.

பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இரும்பு வேலை தெரிந்தவர்க்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பற்றவைப்புப் பட்டறையில் இவ்வளவுகளைக் கொடுத்தால் செய்துவிடுவர். செம்மண் ஈரத்தில் துருவேறாதிருக்க, வண்ணம் பூசுமுன் ரெட் ஆக்சைடு அடிப்பது அவசியம். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு. மூங்கிலிலோ மரச்சட்டத்திலோ செய்வோர் கால்களைக் கல்லின்மேல் நிறுத்துக. கரையான் தரைவழியே ஏறுகிறது.

இனி, எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வைக்கும் இடம் தவறினால் அடுக்கு பயன்படாது. முன்வாசலில் அழகாக நிற்கும் அடுக்கிலிருந்து செருப்பை எடுத்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கழிப்பறைக்குச் செல்வார் எவருமில்லை. பின்கதவைத் திறந்து வெறுங்காலோடுதான் செல்வர். கைக்கு எட்டும் செருப்பையே கால் அணியும். ஆதலின் பன்னிரண்டு ஜோடி அடுக்கு ஒன்றைக் காட்டிலும், முன்வாசலில் எட்டு ஜோடிக்கும் பின்வாசலில் நான்கு ஜோடிக்கும் இரண்டு சிறு அடுக்குகள் இருப்பது மேல். இடச் சிக்கனத்துக்கு இது சற்று மாறானது என்பதை அறிவேன். இருப்பினும் பின்வாசல் அடுக்கையே முதலிற் செய்க என்பேன்.

காரணம் கொக்கிப்புழு. திறந்த வெளியில் கழிக்கப்பட்ட மலத்திலுள்ள முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிகிறது. அடுத்த ஐந்து முதல் பத்து நாட்களில் அப்புழு மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைந்து, சில வாரம் அங்கேயே காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கின் வழியே உட்புகுந்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டை வழியே விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். 1898ஆம் ஆண்டு எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், இப்புழுக்கள் கலந்த நீர் தம் கையில் தற்செயலாகச் சிந்தியபோதுதான் தோல்வழி நுழைவை உலகம் அறிந்தது. 1920களில் சென்னை மாகாணத்திலும் ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்புப் பணி நடைபெற்றது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரை வயிற்றிலுள்ள புழுவை நீக்கும். மறுநாள் காலில் ஏறும் புழுவைத் தடுக்காது. சோகை பிடித்த தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாம், அவர்களது கொல்லைப்புறக் கதவருகே ஒரு ஜோடி செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

தோட்டத்துக் காலணியின் கதை வேறு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்போர் விடியுமுன் செடிகளுக்கிடையே இறங்குகின்றனர். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் விழுகிறது; அங்கே ரப்பர் செருப்பைவிட முழங்காலளவு ரப்பர் பூட்ஸே காக்கும். அந்தப் பூட்ஸை நிமிர்த்தி வைத்தால் அடுக்கில் அடங்காது. அன்றியும் தேளுக்கும் பூரானுக்கும் அது வீடாகிவிடும். அடுக்கின் பக்கச் சட்டத்தில் இரு முளைகளைப் பற்றவைத்து, அவற்றில் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அடியில் 8 அங்குலம் விடச் சொன்னதும் இதன் பொருட்டே: கீழே குனியாமல் பார்வை செல்ல வேண்டும், விளக்குமாறு செல்ல வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும்போது அணிந்த காலணியை மட்டும் வீட்டு அடுக்கில் ஏற்றலாகாது. அதைக் கழுவிய பின், பிள்ளைகள் கைபடாத வேறிடத்தில் வைக்க.

ஊராட்சி உறுப்பினர்கள் அங்கன்வாடியையும் சற்று நோக்குக. ஜப்பானியப் பள்ளிகளின் நுழைவாயிலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் காலணி வைக்கத் தனித்தனிச் சிறு மாடம் உண்டு. நம் அங்கன்வாடியில் அத்தனை செலவு வேண்டா. ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு வரிசைக் கம்பி, ஒவ்வோர் இடத்துக்கும் கிளி, மாம்பழம், மீன் என்று ஒரு படம். எழுத்தறியாத பிள்ளையும் தன் இடத்தை அறிந்துகொள்ளும்.

பொதுக் கட்டடங்களைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் கிராம சபை கூடும் மண்டபத்தின் வாசலில் புதிய அடுக்கு வைத்திருந்தனர். கூட்டத்தன்று அதில் பாதி காலியாக இருந்தது. தொலைவில் ஒரு வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. தெருமுனையிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தனர் சில பெரியவர்கள். கேட்டதற்கு, "பழக்கம், ஐயா" என்றனர். எந்தப் பழக்கம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015ல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பது அதில் வெளிப்படையாகவே குற்றம் என்று கூறப்பட்டிருக்கிறது. அன்று கூட்டம் தொடங்குமுன் ஊராட்சித் தலைவர் எழுந்து சென்று அப்பெரியவர்களை அழைத்து வந்தார். அவர்கள் செருப்பு அணிந்து, தெரு முழுவதும் நடந்து, அடுக்கின் முன்தான் கழற்றினர். கூட்டம் அரைமணி தாமதமாகவே தொடங்கிற்று.

அடுக்குச் செய்ய விரும்புவோர் பட்டறைக்குப் போகுமுன் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வாசற்சுவரில் 2½ அடிக்கு 3 அடியும், தரையில் 9 அங்குலமும் கோடிட்டுக் கதவை முழுவதும் திறந்து பாருங்கள். கோட்டில் கதவு இடித்தால் அடுக்கைக் கீல் இல்லாத பக்கத்துக்கு மாற்றுங்கள். வீட்டிலுள்ள மிகப் பெரிய செருப்பையும் மிகச் சிறிய செருப்பையும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். கம்பிகளை அவற்றின்மீது அளந்தே பற்றவைக்கச் சொல்லுங்கள்.