கோதுமையும் களையும்



மத்தேயு 13ஆம் அதிகாரத்தில், களைகளைப் பிடுங்கப் புறப்பட்ட வேலைக்காரரை வீட்டெஜமான் தடுக்கிறார். கோதுமையும் கூட வந்துவிடுமே என்பது அவர் கவலை. உவமையின் பொருள் வேறு. ஆனால் புற்றுநோய் மருத்துவரின் சங்கடமும் இதுவே. கீமோதெரபி மருந்து வேகமாய்ப் பெருகும் உயிரணுக்களையெல்லாம் தாக்குகிறது. ஆகவேதான் தலைமுடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது.

மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. அதன் உயிரணுக்களின்மேல் ஹெர்2 என்னும் புரதம் மிகுதியாயிருக்கும். அதைத் தேடிப் பற்றிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி 1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அநேக பெண்கள் அதனால் பிழைத்தார்கள். ஆனால் பரவிவிட்ட நோயில், சில காலத்துக்குப்பின் அது பலருக்குக் கேட்பதில்லை. ஆன்டிபாடி போய் ஒட்டினாலும் நோய் வளர்ந்துகொண்டேயிருக்கும்.

கதவு இன்னும் இருக்கிறதே, அதன் வழியாய் நஞ்சை அனுப்பினால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். எத்தியோப்பியச் செடியொன்றில் கண்டெடுத்த மெய்டான்சின் என்ற நஞ்சை 1970களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கடுமை தாங்காமல் கைவிட்டிருந்தார்கள். அதன் வழிவந்த டிஎம்1 என்னும் நஞ்சை டிராஸ்டுசுமாபோடு பிணைத்தார்கள். இரத்தத்தில் ஓடுகையில் அந்தப் பிணைப்பு பெரும்பாலும் அவிழாது. நோயுற்ற உயிரணு ஆன்டிபாடியை உள்ளே இழுத்துச் செரிக்கும்போதுதான் நஞ்சு வெளிப்பட்டு அதைக் கொல்லும்.

டிராஸ்டுசுமாப் ஏற்கெனவே பெற்றும் நோய் முற்றிய 991 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. அக்காலத்து வழக்கமான மருந்துகளைப் பெற்றவர்கள் நடுக்கணக்கில் 25 மாதமும், இதைப் பெற்றவர்கள் ஏறக்குறைய 31 மாதமும் உயிரோடிருந்தார்கள். தட்டணுக்கள் குறைவதும் ஈரல் கெடுவதும் இதிலும் உண்டு. கோதுமைக்குச் சேதமே இல்லை என்று சொல்ல முடியாது. பின்பு வந்த டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் இதைவிட நன்றாய் வேலைசெய்கிறது.

“ஆறு மாதந்தானா, ஐயா?” என்று கேட்பார்கள். மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை மட்டுமாவது இருக்கவேண்டும் என்று ஜெபிக்கும் தாயின் அருகே நின்றவன், அதை அற்பமென்று சொல்லமாட்டான். அதேசமயம், “பூரண சுகம் நிச்சயம்” என்று சில விசுவாசிகள் வார்டில் வாக்குக் கொடுத்துப் போவதும் எனக்குச் சம்மதமில்லை. பிற்பாடு அந்தப் பாரத்தைக் குடும்பம் தனியே சுமக்கிறது.

2021இல் நம் நாட்டிலேயே முதல் மருந்தின் மாற்று வடிவம் குறைந்த விலைக்கு வந்தது. ஆனாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றவேண்டிய மருந்து இது. முதல் தவணைக்கு நகையை விற்று, மூன்றாவதற்கு வழியில்லாமல் நிறுத்திவிடும் குடும்பங்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.