தம்பியின் தூக்கம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் தம்பி வகுப்பில் ஓரிடத்தில் நிலையாக உட்காருவதில்லை, தொட்டதற்கெல்லாம் அழுகிறான் என்று ஆசிரியர் குறை கூறியதையும், அதற்காக வீட்டில் அவன் அடிபட்டதையும் விஸ்தாரமாக எழுதியிருந்த நீ, கடைசியில், இரவெல்லாம் தாத்தாவைப் போலக் குறட்டை விடுகிறான் என்று வேடிக்கையாகச் சேர்த்திருந்தாயே, அந்த ஒரு வரிதான் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அந்தக் குறட்டை அவன் தூக்கம் கெடுவதன் அடையாளமாக இருக்கலாம். தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகளோ பல சமயங்களில் ஓடியும் குதித்தும் சிடுசிடுத்துமே தங்கள் களைப்பைக் காட்டுகிறார்கள். அதனால் நாம் அதைச் சுபாவ தோஷமென்று முடிவுகட்டித் தண்டித்துவிடுகிறோம். இது பெரிய அநியாயம். மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுள் சிலருக்கு மூக்கு, தொண்டை அடைப்பே காரணமென்று இங்கிலாந்தில் வில்லியம் ஹில் என்ற வைத்தியர் 1889-லேயே எழுதியிருக்க, 1976-இல் அமெரிக்காவில் கில்லமினோ முதலியோர் எட்டுக் குழந்தைகளின் உறக்க மூச்சுத்தடையை விவரித்த பிறகே அது வைத்திய உலகின் சிரத்தையைப் பெற்றது.

சளி பிடித்த நாளில் குறட்டை விடுவது வேறு, வாரத்தில் பல நாள் விடுவது வேறு. அவன் அயர்ந்து தூங்கும்போது விளக்கைத் தணித்துப் பாயருகே உட்கார்ந்து பார்: வாய் திறந்திருக்கிறதா, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துத் தலையைச் சாய்த்துப் படுக்கிறானா, குறட்டை சட்டென்று நின்று, மூச்சு வராமலே விலாவும் வயிறும் மட்டும் உள்வாங்கி எழும்பி, சில விநாடிக்குப் பின் திணறலோடு உடம்பு தூக்கிப்போட மூச்சு மீள்கிறதா என்று கவனி. தலையணை வியர்வையில் நனைவதும், விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையில் சிறுநீர் கழித்தல் மீண்டும் தொடங்குவதும், காலையில் தலைவலியோடு எழுவதும் இந்த மூச்சுத்தடையின் அடையாளங்களாக இருக்கலாம்.

முன்னிரவில் திடுக்கென்று அலறி, நம்மை அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் எதுவும் நினைவில்லாமல் எழும் குழந்தையின் விஷயம் வேறு; அது பெரும்பாலும் வயதோடு போய்விடும், உலுக்கி எழுப்பாமல் பக்கத்தில் இருந்தாலே போதும். தம்பியின் வயதுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆனால் மூச்சு தடைப்பட்டால் பத்து மணி நேரம் படுத்திருந்தும் பயனில்லை.

நீ கண்டதைத் தேதியிட்டு எழுதி, முடிந்தால் செல்பேசியில் படமும் பிடித்து, அம்மாவோடு காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டு. தொண்டையிலுள்ள டான்சிலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டும் பருத்து மூச்சை அடைத்திருந்தால், அவற்றை அகற்றியபின் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக மூச்சு விட்டு உறங்குகிறார்கள். வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரையில் அவன்மேல் கை வைக்க வேண்டாமென்று நான் சொன்னதாக உன் அப்பாவிடம் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா