உப்புத் தண்ணி: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

குக்கரில் ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு முழுசு முழுசாக நிற்கிறதா? தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிறதா? குழாய் முனையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதா? அப்படியென்றால் உங்கள் வீட்டில் வருவது கடினநீர். நம் சேலம், நாமக்கல் பக்கம் 'உப்புத் தண்ணி' என்கிறோமே, அதுதான்.

சிறுநீர் எரிச்சல் என்று மகனை அழைத்து வந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டு போர் தண்ணி ஒரே உப்பு டாக்டர். குடிச்சா கிட்னியில கல்லு வந்துடுமாம். அதனால பையனுக்குத் தண்ணிய அளவாத்தான் தர்றேன்." அந்தப் பையனுக்கு வந்த தொல்லைக்குக் காரணம் உப்புத் தண்ணி அல்ல, தண்ணீர் போதாமைதான். இந்தத் தவறு பல வீடுகளில் நடக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தண்ணீர் ஏன் கடினமாகிறது?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலத்தன்மை பெறுகிறது. அது பாறையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். சேலத்துக்குப் பக்கத்தில் 'சாக் ஹில்ஸ்' எனப்படும் குன்றுகளில் வெள்ளையாகத் தெரிவது மாக்னசைட். மக்னீசியம் நிறைந்த கனிமம். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல். இப்படிப்பட்ட மண்ணில் ஆழ்துளைக் கிணறு போட்டால் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் மழைத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் பாதியளவு எடுங்கள். குளியல் சோப்புச் சீவலை இரண்டிலும் சம அளவு போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் திரித் திரியாகக் கலங்கினால் அது கடினநீர். (சலவைத் தூள் வேண்டாம். அது கடினநீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும்.)

சமையலறையில்

கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினை இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் பருப்பு வேகாமல் அடம் பிடிக்கிறது. இதற்காகச் சமையல் சோடா போடாதீர்கள். 'பி1' வைட்டமின் அழிந்துவிடும். பருப்பை ஊறவைத்து, காவிரித் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ வேக வையுங்கள். புளியைப் பருப்பு வெந்த பிறகே சேருங்கள்.

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருப்பதும் இதே சுண்ணாம்புதான். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் கொதிக்கவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும். ஹீட்டர் கம்பியில் படிந்தால் கரண்ட் செலவும் கூடும்.

குளியலறையில்

கடினநீரில் சோப்பு கரையாமல் பிசுக்காகத் தோலிலும் முடியிலும் ஒட்டிக்கொள்கிறது. வறட்சியும் அரிப்பும் வருவது இதனால்தான். நம் பாட்டிமார்கள் அரப்பும் சீயக்காயும் தேய்த்தார்களே, அதில் அர்த்தம் இருக்கிறது. அவற்றின் நுரைப்பொருள் கடினநீரோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. தோலுக்குப் பாசிப்பயறு மாவு போதும். கரப்பான் உள்ள பிள்ளைக்காகப் பல ஆயிரம் செலவழித்து 'சாஃப்ட்னர்' வாங்க நினைக்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், அந்தக் கருவியால் கரப்பானுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை. குளியலறைக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றும்போது அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சிறுநீரகக் கல் வருமா?

கடினநீர் குடித்தாலே கல் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் மொத்தம் 150 மில்லிகிராம். ஒரு டம்ளர் (200 மி.லி.) பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. பாலுக்குப் பயப்படுகிறோமா? கல்லுக்கு முக்கியக் காரணம், வெயிலில் வேர்த்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காததுதான். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடியுங்கள். (இதயக் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுதான்.)

வாழைத்தண்டும், நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயமும் நீரடைப்புக்குச் சித்த மருத்துவம் சொல்பவை. ஆனால் எந்தக் கல்லையும் கரைத்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். காய்ச்சலோடு வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நாக்குக்குத் தெரியாத எதிரி

உண்மையில் பயப்பட வேண்டியது ஃபுளோரைடு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. சொல்லப்போனால், கால்சியம் குறைந்து வாய்க்கு நன்றாக இருக்கிற தண்ணீரில்கூட அது அதிகமாக இருக்கலாம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். பக்கத்திலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அது அடர்த்தியாகும். சாஃப்ட்னரும் அதை நீக்காது. மேலும் அது தண்ணீரில் சோடியத்தைக் கூட்டுவதால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆர்.ஓ. கருவி இரண்டையும் குறைக்கும், ஆனால் நிறையத் தண்ணீர் வீணாகும்.

எனவே முதலில் பரிசோதனை; பிறகு செலவு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1-க்குள் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்.

எதற்கு எந்தத் தண்ணீர்?

குடிக்க, சமைக்க: காவிரித் தண்ணீர், அல்லது சுத்தமாகப் பிடித்து வடிகட்டிக் காய்ச்சிய மழைநீர்.
தலைக்குக் குளிக்க: முடிந்தால் கடைசிச் சொம்பு மட்டுமாவது நல்ல தண்ணீர்.
பாத்திரம், துணி, வாசல்: போர் தண்ணீர் தாராளமாக.

அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன்: "பிள்ளைக்குத் தண்ணியக் குறைக்காதீங்கம்மா. பாட்டிலில் பிடிச்சு ஒருமுறை சோதனைக்குக் கொடுங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காவிரித் தண்ணியக் கொடுங்க, தாராளமாக் கொடுங்க."